அக்காவுக்குத் தெருப்பக்கம் ஜன்னல்

கோலியனூர்
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சீனுவாசனுக்கு அம்மா எழுதுகிறேன். பனமலை ஈஸ்வரன் புண்ணியத்தில் இங்கே அப்பா, அக்கா, நான் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல், நிம்மதியாகத் தூங்கி எழுகிறாய் என்று நம்பித்தான் இதை எழுதத் தொடங்குகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் வீட்டுப் போன் எப்படி என்று உனக்குத் தெரியாதா, அப்பாவுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டால்தான் அவருக்குக் கேட்கும், ஸ்பீக்கரில் போட்டால் தெருவுக்கே கேட்கும். நான் சொல்ல வந்தது உன் அக்கா வாணியைப் பற்றி. அவளை வைத்துக்கொண்டு என்னால் பேச முடியாது, அவள் வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில் நீயும் வேலையில் இருக்கிறாய். விக்கிரவாண்டி ஜெகதீசன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்புகிறானாம். உன் ரூம் பிள்ளைகள் வேர்க்கடலை என்பார்களே, அந்த மல்லாட்டை வறுத்தது, பருப்புப் பொடி, மோர்மிளகாய் எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன், அதோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். ரூமில் மற்ற பிள்ளைகள் இருக்கும்போது பிரிக்காதே, தனியாக உட்கார்ந்து படி.

வீட்டு வேலை நல்லபடியாக நடக்கிறது. பேஸ்மட்டம் முடிந்து, போன வாரம் வாசல் நிலையும் வைத்தாயிற்று. அக்கா அனுப்பிய போட்டோவில் நீயும் பார்த்திருப்பாய், மாவிலைத் தோரணமும் பந்தல் மாதிரி நான்கு கம்பும் தெரிந்திருக்கும். அந்தப் போட்டோவில் தெரியாதது நிறைய இருக்கிறது தம்பி. தெருவைப் பார்த்திருக்கிற முன் ரூமை அக்காவுக்குக் கொடுப்பது என்று முடிவானபோது, ஏன் என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் காசில் எழும்புகிற வீடு, நீ கேட்டிருக்கலாம், யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்காமலே சரி என்றாய். அதனாலேயே உனக்கு முழுசாகச் சொல்லவேண்டும் என்று எனக்கு இருந்தது. அக்காவிடமும் கேட்டுவிட்டேன், தம்பிக்குச் சொல்லட்டுமா என்று. என்னால அவன்கிட்ட சொல்ல முடியாதும்மா, நீயே சொல்லிடு என்றாள்.

கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் பானுப்ரியா முதல் பிளானைப் போட்டு எடுத்துக்கொண்டு விழுப்புரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள். சின்னப் பெண்தான், ஆனால் மனையைச் சுற்றிச் சேற்றில் நடந்து பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தாள். உன் பெரியப்பாவும் இருந்தார். நம் மனைக்கு வடக்கே சந்து, சந்தைத் தாண்டினால் அவருடைய மாட்டுக்கொட்டகைச் சுவர் என்பதால் எல்லை விஷயம் பேச அப்பாதான் கூப்பிட்டிருந்தார். பிளானைப் பாயில் விரித்து வைத்து அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கிழக்கே தெருவைப் பார்த்துப் பெரிய ஹால், தென்கிழக்கில் சமையல்கட்டு, பின்னால் எங்களுக்கு ஒரு பெட்ரூம், மாடியில் உனக்கு. பின்பக்கம் வடமேற்கு மூலையில், பாத்ரூமை ஒட்டி, ஒரு சின்ன ரூம், அதில் கெஸ்ட் ரூம் என்று எழுதியிருந்தது. அதன் ஜன்னல் சந்தில் திறக்கும். திறந்தால் கொட்டகைச் சுவர். பெரியப்பா அந்த ரூமைத் தொட்டுக் காட்டி, இது வாயு மூலை, பொம்பளைப் பிள்ளைக்கும் வந்து போகிறவர்களுக்கும் உகந்த இடம், வாணி இருக்கிற வரைக்கும் இதில் இருந்துகொள்ளட்டும் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் சுபாவம் உனக்குத் தெரியும். அக்கா அந்த நேரம் டீ டம்ளர்களை வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் புருஷன் வீட்டை விட்டு இங்கே திரும்பி வந்ததிலிருந்து அந்த முகம் அப்படித்தான், உனக்கே தெரியும். வந்த நாளிலிருந்து துணிமணியைப் பெட்டியில்தான் வைத்திருக்கிறாள், பீரோவில் இடம் ஒதுக்கிக் கொடுத்தும் வைக்கவில்லை. கூடத்தில் படுத்து, நாங்கள் எழுவதற்குள் பாயைச் சுருட்டிவிடுவாள். சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு புடவை மாற்றி, முதல் பஸ்ஸுக்கு ஓடி, திண்டிவனத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்துவிட்டு இருட்டின பிறகு வந்து சேருவாள்.

பானுப்ரியாவுக்கு ஒரு வழக்கம். காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள், எங்கே நிற்பீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்பாள். அதை வைத்துத்தான் ஜன்னல் போடுவாளாம். நான் அடுப்புக்கு நேராக ஜன்னல் வேண்டும் என்றேன், இத்தனை வருஷம் புகையைத் தின்றது போதாதா. அவள் சிரித்துக்கொண்டு, காற்று வந்து அடுப்பை அணைத்துவிடும் ஆன்ட்டி, பாத்திரம் தேய்க்கிற தொட்டிக்கு நேராகத் தெற்கே வைக்கிறேன், மாடு கட்டியிருப்பதும் தெரியும், கொல்லையும் தெரியும் என்றாள். அப்பாவுக்கு ஜன்னலைப் பற்றி ஒரு யோசனையும் இல்லை. மல்லாட்டை மூட்டை போட இடம், மோட்டார் ரூம் சாவி மாட்ட ஒரு ஆணி, முட்டி வலிக்கு உட்காருகிற மாதிரி கக்கூஸ், இவ்வளவுதான் கேட்டார். பிறகு அந்தப் பெண் திரும்பி அக்காவைப் பார்த்து, நீங்க சொல்லுங்கக்கா, உங்களுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வேணும் என்றாள். அக்கா காலி டம்ளரோடு உள்ளே போகப் போனவள் நின்றாள். தன்னையும் கேட்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"எந்தப் பக்கம்னாலும் சரிம்மா. உள்ள இருந்து தொறக்கிற மாதிரி இருந்தா போதும்" என்றாள்.

கீலை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்கிறாள் என நினைத்துப் பெரியப்பா, எல்லா ஜன்னலும் உள்ளே இருந்துதான் திறக்கும் என்றார். அப்பா தலையாட்டினார். பானுப்ரியா மட்டும் எழுதப் போன பென்சிலை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அக்கா உள்ளே போய்விட்டாள், டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது.

அன்று மத்தியானம் விதைக்கு மல்லாட்டை உரிக்க உட்கார்ந்தோம், அவளும் நானும் மட்டும். கை வேலையாக இருந்தால் வாய் தானாகத் திறக்கும் என்று நினைத்து, நான் அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டேன், காலையில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று. உரித்துக்கொண்டே சொன்னாள். அவள் புருஷனாக இருந்த அந்தப் பையனுக்குச் சந்தேகம் தம்பி. தெருவில் யாராவது பைக்கை நிறுத்தினால்கூட இவளைப் பார்க்கத்தான் நிறுத்தினான் என்பானாம். முதலில் ஜன்னலைச் சாத்தியே வை என்றான். இவள் ஒரு நாள் வெக்கை தாங்காமல் திறந்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, வெளிப்பக்கமிருந்து பலகை வைத்து ஆணி அடித்துவிட்டான். வேலைக்குப் போகும்போது கதவையும் பூட்டிக்கொண்டு போவானாம். வெளியே கேட்கிறவர்களிடம் கொசுத் தொல்லை, அதனால் அடித்தேன் என்பானாம். கரண்ட் போகிற நாளில் ஈரத் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு தரையில் படுத்திருப்பாளாம். நான் ஒரு தரம் அந்த வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த ரூமில் உட்கார்ந்து சாப்பிட்டேன், ஜன்னலுக்கு மயில் படம் போட்ட நல்ல திரை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால்தான் பலகை. அவன் கூடவே உட்கார்ந்திருந்ததால் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் அவசரத்தில் பூட்டாமல் போயிருக்கிறான், கையில் கிடைத்த பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். நம் வாசலில் வந்து நின்றவள் ஒத்து வரவில்லை என்று மட்டும்தான் நமக்குச் சொன்னாள், அதற்கு மேல் யாரும் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. விவாகரத்துக் கேஸ் முடிகிற வரைக்கும் வக்கீலுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத் தெரிந்தால் அப்பா அங்கே போய் ஏதாவது செய்துவிடுவார் என்ற பயமாம். நான் அழுதேன். அவள் அழவில்லை, என் மடியிலிருந்த தோலையெல்லாம் தட்டிவிட்டு, பருப்பு நனைஞ்சிடும்மா, கண்ணத் துடைச்சிக்கோ என்றாள்.

அப்பாவிடம் நான்தான் சொன்னேன். சத்தம் போடுவார், அரிவாளை எடுப்பார் என்று பயந்துகொண்டுதான் சொன்னேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார், மோட்டார் போட்டார், தண்ணீர் பாய்ச்ச வேண்டிய வேலையே அன்றைக்கு இல்லை. பொழுது சாய்ந்துதான் வந்தார். மறுநாள் காலையில் எனக்குக்கூடச் சொல்லாமல் விழுப்புரம் போய் பானுப்ரியாவைப் பார்த்திருக்கிறார். என்ன பேசினார் என்பதை அந்தப் பெண்தான் பிறகு என்னிடம் சொன்னாள். பிளானை விரிக்கச் சொல்லி, அந்தக் கெஸ்ட் ரூமின் மேல் விரலை வைத்து, "இந்தப் பேர எடுத்துடும்மா. எம்பொண்ணு வூட்டுக்கு வந்த விருந்தாளி இல்ல" என்றாராம். அந்தச் சின்ன ரூமை மல்லாட்டை மூட்டைக்கு விட்டுவிட்டு, ஹாலைக் குறைத்து, முன்பக்கத்தில் தெருவை ஒட்டி வாணிக்கு ரூம் போடு, கிழக்கே ஒரு ஜன்னல், வடக்கே ஒரு ஜன்னல், காற்று ஒன்றில் வந்து ஒன்றில் போக வேண்டும் என்றாராம். உன் அப்பா ஜன்னலைப் பற்றி இவ்வளவு பேசுவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அந்தப் பெண் பானுப்ரியாவை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். என்ன ஏது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை, ஆனால் எல்லாம் புரிந்த மாதிரி செய்தாள். மறுபடி வந்து அக்காவைச் சேர் போட்டு உட்காரச் சொல்லி, உட்கார்ந்தபடி கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்துப் பார்த்தாள். பேஸ்மட்டத்தை ஒரு படி தூக்கிவிட்டால் தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே தெரியாது, ரூமுக்குள் உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரு முழுவதும் தெரியும் என்று விளக்கினாள். மழைத் தண்ணீர் ரோட்டில் நின்றாலும் வீட்டுக்குள் ஏறாது என்று அதற்கு ஒரு லாபமும் சொன்னாள், அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கம்பியை நிலையில் வைத்து அடித்துவிடாமல், உள்ளே கொண்டி போட்டுத் திறந்துகொள்கிற கிரில்லாக வைக்கலாம், அவசரத்துக்கு ஆளே வெளியே வரலாம் என்றாள். அக்கா அதை இரண்டு தரம் கேட்டுக்கொண்டாள். ஜன்னலின் அடிக்கட்டையை அகலமாகப் போட்டால் புத்தகம் வைக்கலாமா, உட்கார முடியுமா என்று அவளாகவே கேட்டாள். அவள் வாயிலிருந்து எனக்கு இது வேண்டும் என்று ஒரு பேச்சைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது தெரியுமா.

பெரியப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஈசானிய மூலையில் சாமி இருக்க வேண்டிய இடத்தில் பெண்ணுக்கு ரூமா என்று தொடங்கினார். சாமிக்கு ஹாலில் கிழக்குச் சுவரில் நல்ல இடம் ஒதுக்கியாயிற்று என்றதும் பேச்சு வேறு பக்கம் போனது. வாழாமல் வந்த பெண்ணுக்குத் தெருவைப் பார்த்து ஜன்னல் வைத்தால் ஊர் என்ன பேசும், நாளைக்குச் சீனுவுக்குப் பெண் கொடுக்க வருகிறவன் முதலில் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருப்பவளைத்தானே பார்ப்பான் என்றார். அப்பா, அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழக்கமில்லாதவர், தலையைக் குனிந்துகொண்டே நின்றார். ஆனால் பிளானை மாற்றவும் இல்லை. அதற்குப் பிறகு பெரியப்பா உனக்கே போன் போட்டிருக்கிறார். நீ எங்களிடம் அதைச் சொல்லவே இல்லை. உன் பெரியம்மா கோவிந்தம்மாள் உறைமோர் வாங்க வந்தபோது சொன்னாள், பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நீ மரியாதை குறையாமல், நிதானமாக, "பெரியப்பா, அந்த வூட்ல தெனமும் இருக்கப் போறது அக்காதான். அவ கேட்ட எடத்துல வெக்கட்டும். அத பாத்துட்டு வேணாம்னு போற பொண்ணு வூட்டுக்காரங்க போவட்டும்" என்றாயாம். பெரியம்மா சொல்லிவிட்டுப் போன பிறகு நான் சமையல்கட்டில் போய் நின்றுகொண்டேன். காரணம் ஒன்றும் தெரியாமலே நீ அப்படிச் சொன்னாய், அதுதான் எனக்குப் பெரிசு. பெற்ற பிள்ளைக்கு யாராவது நன்றி சொல்வார்களா, போனில் சொன்னால் உனக்கும் கூச்சம், எனக்கும் வாய் வராது. கடுதாசியில் சொல்லிவிடுகிறேன். நீ நல்லா இருக்கணும் தம்பி. உன் மனசு எப்போதும் இப்படியே இருக்கணும்.

தை பிறந்ததும் வேலை தொடங்கியாயிற்று. ஜன்னலுக்கு மரம் பார்க்கத் திண்டிவனத்தில் ஒரு மரவாடி இருக்கிறது, நன்றாக இருக்கும் என்று மேஸ்திரி சொன்னார். அப்பா ஒரு சனிக்கிழமை அக்காவுக்குப் பள்ளிக்கூடம் அரை நாள் என்று பார்த்துப் போய், பள்ளிக்கூட வாசலிலேயே நின்று அவளைக் கூட்டிக்கொண்டு மரவாடிக்குப் போயிருக்கிறார். அப்பாவைப் பள்ளிக்கூட வாசலில் பார்த்ததும் என்னமோ ஏதோ என்று அக்கா பதறிவிட்டாளாம். மரவாடியில் செய்து வைத்திருந்த ஜன்னல் ஒன்றின் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, கொண்டியைப் போட்டு எடுத்து, மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். கடைக்காரர் அப்பாவைப் பார்த்திருக்கிறார், பார்த்து முடிச்சாச்சா என்கிற மாதிரி. அப்பா, "அவ பாக்கட்டும்ங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாராம். வேங்கை மரம்தான் வேண்டும் என்று அவள் சொல்லவும் உடனே அதற்கே ஆர்டர் சொல்லிவிட்டு வந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு இடம் சேர்ந்தாற்போல் கிடைத்திருக்கிறது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி வரிசையில் நின்றபோது அப்பா அவளிடம் கேட்டிருக்கிறார், அந்த வீட்டில் எத்தனை நாள் அப்படி இருந்தாய் என்று. இத்தனை மாதத்தில் அவர் அவளிடம் அந்த விஷயத்தைக் கேட்டது அந்த ஒரு தரம்தான். அக்கா வெளியே பார்த்துக்கொண்டே, "நாள் கணக்கு தெரியலப்பா. பலகைல ஒரு ஆணி ஓட்ட இருந்திச்சி. அதுல வெளிச்சம் வந்தா விடிஞ்சிதுன்னு தெரிஞ்சிக்குவேன்" என்றாளாம். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அப்பா பூக்காரியிடம் போய் மல்லிகைப்பூ வாங்கி அவள் கையில் கொடுத்திருக்கிறார். நீ பிறந்ததிலிருந்து எனக்கே அவர் பூ வாங்கி வந்ததில்லை என்பதை நீ அறிவாய். அக்கா அதில் பாதியைக் கிள்ளி வைத்துக்கொண்டு, மீதியை எனக்குக் கொண்டு வந்து கொடுத்தாள். இதையெல்லாம் அப்பா தின்னும் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னிடம் சொன்னார். சொல்லி முடிக்கும்போது சோறு அப்படியே இருந்தது.

போன வாரம் நிலை வைத்த கதைக்கு வருகிறேன். உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள், பெரியப்பா வருவாரோ மாட்டாரோ என்று இருந்தோம், அவரும் வந்து ஓரமாக நின்றார். மேஸ்திரி வாசல் நிலையைத் தூக்கி நிறுத்தி, மஞ்சள் துணியில் நவதானியம் கட்டி, அடியில் பால் ஊற்றிக் காசு போட்டு வைத்துவிட்டு, சுமங்கலிகள் வந்து பொட்டு வையுங்கள் என்றார். பெரியம்மா தட்டை எடுத்தாள். அக்கா வழக்கம் போலக் கொல்லைப் பக்கம் போய், வந்தவர்களுக்குக் காபி கலக்கிக்கொண்டிருந்தாள், நல்ல காரியம் என்றால் அவளாகவே ஒதுங்கிவிடுவாள். அப்பா போய் அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். உங்கள் அத்தை ஒருத்தி, அவ வேணாமே, யாராச்சும் புருஷனோட இருக்கிறவ முதல்ல வெக்கட்டுமே என்று முணுமுணுத்தது எனக்கே கேட்டது. அக்காவும் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

அப்பாவுக்குக் காதில் விழாவிட்டாலும் புரிந்துவிட்டது. அத்தையைப் பார்த்து, கோபமாக இல்லை, சாதாரணமாகவே சொன்னார், "இது அவ வூடும்மா. அவ வெச்சாதான் எனக்கு மனசு நெறையும்."

உன் பெரியம்மா கோவிந்தம்மாள்தான் தட்டை அக்கா முன்னால் நீட்டினாள், வைடி கண்ணு, நேரம் போவுது என்றாள். அக்கா மஞ்சள் தடவினாள், குங்குமம் வைத்தாள், ஒரு பொட்டு கொஞ்சம் கீழே வழிந்தது. அதை யாரும் துடைக்கவில்லை. வாசல் நிலையோடு சேர்த்து அவள் ரூமின் தெருப்பக்க ஜன்னல் சட்டத்தையும் அன்றைக்கே நிறுத்தச் சொல்லி அப்பா மேஸ்திரியிடம் முன்னாடியே பேசி வைத்திருக்கிறார், சுவர் எழும்பும்போதுதான் ஜன்னல் வைப்பது வழக்கம் என்று மேஸ்திரி சொல்லியும் கேட்கவில்லை. சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். அதற்கும் அக்காவே பொட்டு வைத்தாள். நான் அப்போது சாமியை எதுவும் கேட்கவில்லை தம்பி. கேட்பதற்கு ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது. கையைக் கூப்பிக்கொண்டு சும்மா நின்றேன்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அக்கா அந்த ரூம் இருக்கப்போகிற இடத்தில், மண்ணைப் பரப்பி வைத்த பேஸ்மட்டத்தின் மேல் தனியாக நின்று சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் இல்லை, கூரை இல்லை, வெறும் சட்டம்தான், ஆனாலும் அதன் வழியாகத்தான் பார்த்தாள். பெரியப்பா தன் வீட்டுக்குப் போகிறவர் அந்த வழியாக வந்தார். நான் சட்டி பானையைக் கழுவிக்கொண்டிருந்தேன், ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று கையை நிறுத்திவிட்டேன். அவர் சட்டத்துக்கு வெளியே தெருவில் நின்று, மேலே பார்த்தார். அப்புறம், "வாணி, குடிக்கத் தண்ணி இருந்தா குடும்மா, வெயிலு ஜாஸ்தியா கீது" என்றார். பத்தடியில் அவர் வீடு இருக்கிறது. அக்கா ஓடிப் போய் சொம்பில் மொண்டு வந்து சட்டத்துக்குள் கையை விட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தவர், ஒசரம் சரியாத்தான் வெச்சிருக்கான் மேஸ்திரி என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அவரே ஆள் வைத்துச் சந்துப் பக்கம் கொட்டகையில் குவித்திருந்த சாணத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார், வடக்கு ஜன்னலில் நாற்றம் அடிக்குமாம். பெரிய மனுஷன் மனசு மாறினால் வாயால் சொல்ல மாட்டார், அதை நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். நீ அடுத்த தரம் போன் பண்ணும்போது அவரிடமும் இரண்டு வார்த்தை நன்றாகப் பேசு, மனஸ்தாபம் எதுவும் வைத்துக்கொள்ளாதே.

அக்காவிடம் நீ இதைப் படித்தேன் என்றோ, ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்றோ கேட்காதே. அவள் உன்னிடம் பேசும்போது நீ எப்போதும் போலக் கிண்டல் பண்ணு, அதைத்தான் அவள் விரும்புவாள். நேற்று சாயங்காலம் விழுப்புரத்தில் திரைத் துணி விலை விசாரித்து வந்திருக்கிறாள், சுவரே எழும்பவில்லை, அதற்குள் என்னடி அவசரம் என்றேன், திரை வேணாம்னு முடிவு பண்ணத்தாம்மா போய்ப் பாத்தேன் என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மந்தக் காதிலும் விழுந்து, அப்பா வாசலிலிருந்து எழுந்து உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மாத்திரை வேளைக்குப் போடுகிறார். சிமெண்டு நனைக்கிற வேலையை ஆளிடம் விடாமல் தானே செய்கிறார் என்பதுதான் எனக்குப் பேஜார், நீ சொன்னால் கேட்பார். நீ ஓவர்டைம் என்று ரொம்ப இழுத்துப் போட்டுக்கொள்ளாதே, வீடு ஒரு மாதம் முன்னே பின்னே முடிந்தால் ஒன்றும் ஓடிப்போகாது. தண்ணீர் நிறையக் குடி. மோர்மிளகாயை ஜெகதீசனுக்கும் கொடு, அவன் அம்மா இல்லாத பிள்ளை. பனமலைக் கோயிலுக்கு உன் பேரில் அர்ச்சனை சீட்டு வாங்கிச் செய்துவிட்டேன், திருநீறு இந்தக் கவரிலேயே மடித்து வைத்திருக்கிறேன், வேலைக்குப் போகும் முன் நெற்றியில் இட்டுக்கொள். நீயும் உன் கைவேலையும் குறைவில்லாமல் இருக்க வேண்டும், உன் மனசுக்கு ஏற்ற துணை உனக்கு அமைய வேண்டும், அக்காவுக்குத் தம்பி என்ற பேர் உனக்கு என்றைக்கும் நிலைக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. எங்கள் எல்லோருடைய ஜன்னலும் முடிவாகிவிட்டது, மாடியில் உன் ரூமுக்கு மட்டும் எந்தப் பக்கம் என்று நீ இன்னும் சொல்லவில்லை. எதுவானாலும் சரி என்று சொன்னால் பானுப்ரியா விட மாட்டேன் என்கிறாள். நீ காலையில் எழுந்ததும் முதலில் என்ன பார்க்க ஆசைப்படுகிறாய் என்று யோசித்து ஜல்தியாகச் சொல்லு, மேஸ்திரி காத்துக்கொண்டிருக்கிறார்.

உன்னை வயிற்றில் சுமந்ததற்குச் சந்தோஷப்படும்
அம்மா
சின்னபொண்ணு